ஒண்ணுமில்ல என்ற சொல்லும் ஒரு கதவும்

மனநல நெருக்கடியில் இருப்பவரை அணுகும் முறையைக் காவலர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் கற்பிக்கும் வேலையில், நாம் திருத்துவதைவிடத் திருத்தப்படுவதே அதிகம் என்பதை, இதே பாடுபடும் சக பயிற்றுநர்களே, நீங்கள் மறுக்கமாட்டீர்கள். நாட்டார் கதை ஆய்விலிருந்து ஓய்வுபெற்று இவ்வேலைக்கு வந்தவன் என்பதால், யார் சொன்னது என்பதையும் குறித்துவிடுகிறேன்: கீழே முதல், மூன்றாம் நிகழ்ச்சிகள் நான் கண்டவை. இரண்டாவதை ஆம்புலன்ஸ் செவிலியர் மெர்சி, சென்ற ஆடியில், தாம்பரம் வகுப்பின் தேநீர் இடைவேளையில் எனக்குச் சொன்னார்.

என் வாக்கியம்

வகுப்பில் மனம் கலங்கியவராக நடிப்பது என் பொறுப்பு. காவலர் முருகேசன் என் தோளைத் தொட்டு, "ஒண்ணுமில்ல சார், ஒண்ணுமில்ல" என்றார். நான் நடிப்பை நிறுத்தினேன். காதில் குரல் கேட்டுத் தவிப்பவரிடம் ஒன்றுமில்லை என்றால், அவர் படும் பாட்டையே பொய் என்றதாகும் என விளக்கினேன். மாற்றாக, "தங்கள் துயரத்தை நான் உணர்கிறேன்" என்று பலகையில் எழுதினேன். முருகேசன் அதை இருமுறை வாய்விட்டுப் படித்தார்.

"சார், இத்த சொன்னா ஓட்டு கேக்க வந்துகீறேன்னு கதவ சாத்திக்குவாங்க."

பீர்க்கன்கரணையில்

மறுவாரம் ஒரு தாய் உதவி கேட்டு அழைத்தார். மகன் கண்ணன் மூன்று நாளாகத் தூங்காமல், யாரோ திட்டுவதாகச் சொல்லி அறைக்குள் தாழிட்டுக்கொண்டான். முன்பு இப்படி ஆனபோது அக்கம்பக்கத்தார் கதவை உடைத்து அவனைக் கட்டித் தூக்கினர்; அதன்பின் பல மாதம் அவன் தாயோடு பேசவில்லை. இம்முறையும் அப்படி ஆனால் மகனை இழந்துவிடுவோம் என்று அந்த அம்மாள் நடுங்கினார்.

முருகேசனும் மெர்சியும் சைரனை அணைத்துவிட்டு வந்தார்கள்; அதற்குள் வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தனர். முருகேசன் லத்தியை வண்டியிலேயே வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே தரையில் அமர்ந்தார். பழக்கம் விடவில்லை: "ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லயா? உனக்குக் கேக்கலயா?" என்று உள்ளிருந்து கத்தல்.

முருகேசன் கதவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார். "எனக்குக் கேக்கல தம்பி. உனக்குக் கேக்குது இல்ல? பேஜாராத்தான் கீது. இன்னா சொல்லுது?"

அவன் சொன்னான். ஒரு மணி நேரம் சொன்னான். முருகேசன் குறுக்கிடவில்லை. பின் கதவு சிறிது விலகியது.

"அண்ணா, வெளிய நிக்கிற கூட்டத்த போவச் சொல்லு, வர்றேன்."

வகுப்பில் அந்த அம்மாள்

சிகிச்சையில் தேறிய மகனோடு, நன்றி சொல்ல வந்திருந்தார். பலகையில் என் வாக்கியம் இன்னும் இருந்தது, அதை அழித்துவிட்டு, "இன்னா சொல்லுது?" என்று எழுதினேன். முருகேசனுக்கு வெட்கம். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியது.

"இந்த தடவ எம்புள்ள என்கூடயே நடந்து வந்து வண்டில ஏறுனான் சார்."

வேறு வடிவங்கள்

அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது என்பார் மெர்சி, கூட்டம் கலைந்த பிறகே திறந்தது என்பார் தாய், கண்ணன் சொல்லும் வடிவத்தில் மட்டும் கதவு தாழிடப்படவே இல்லை: "சும்மாதான் சாத்திக்கினு இருந்தேன் சார், தள்ளாம உக்காந்திருந்தாங்களே, அதான் வந்தேன்."

நாற்பது ஆண்டுகள் வாய்மொழி வடிவங்களை ஒப்பிட்டவன், மூன்றையும் சரி என்று குறித்துக்கொண்டது இதுவே முதல் முறை.