போல்ட்டுக்கு அடியில் மஞ்சள் பெயின்ட்

என் காரின் ஹெட்லைட் ஏன் மங்கலாக எரிகிறது என்று ஒரு மாதம் தேடினேன். அதை மங்கலாக்கியதே நான்தான். அதுவும் பெருமையோடு, இரண்டு கோட் அடித்து.

தொண்ணூறுகளின் கடைசி. புல்டோசர் செய்கிற ஃபாக்டரியில் எனக்குப் பெயின்ட் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வண்டியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் இரும்பு தெரிந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். வெறும் இரும்பு என்றால் துரு. பதினெட்டு வருடம் இதைத் தவிர நான் வேறு எதையும் யோசித்ததில்லை.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் குடியிருந்தோம். மனைவிக்கு பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். அதற்குள் மூன்று தடவை லேட்டாக வந்தால் நான்காவது தடவை வரவே வேண்டாம் என்று மேட்ரன் சொல்லியிருந்தார். பங்காருபேட்டையில் விடியற்காலை ஐந்தரை மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. "பஸ் எதுக்கு? கார் கீதே" என்று சொன்னவன் நான்.

கார் எனக்கு முன் இரண்டு பேரிடம் உழைத்தது. மனைவிக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஒரு வாரம் லீவு போட்டு அதற்கு நானே பெயின்ட் அடித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே நிறம் மஞ்சள். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, அடியிலும் அடித்து, காயவிட்டு மாட்டினேன். தெருவில் அதற்கு 'டோசர் குட்டி' என்று பெயர் வைத்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் வந்தது, பனி வந்தது. ஹெட்லைட் இரண்டு அகல்விளக்கு மாதிரி எரிந்தது. பல்பொடி போட்டுக் கண்ணாடியைத் தேய்த்தேன். பேட்டரி மாற்றினேன். பெரிய பல்பு வாங்கிப் போட்டேன், இன்னும் மங்கியது. முதல் லேட், உருட்டி உருட்டி ஓட்டியதில் ஆனது.

இரண்டாவது லேட்டைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. முன்னால் ஒரு பால் வேன் போனது. அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கு என் ஹெட்லைட் இரண்டையும்விடப் பிரகாசம். அதையே பிடித்துக்கொண்டு போனேன். வேன் திரும்பியது, நானும் திரும்பினேன். வேன் நின்றது, நானும் நின்றேன். கேன் இறக்குகிற ஆள் ஜன்னலில் குனிந்து, பால் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். பால் டெப்போவுக்குள் நின்றிருந்தோம்.

"இல்லேன்னு சொல்லுங்க," என்றாள் மனைவி. "ரயில் ஏற வந்தோம்னு சொல்லுங்க."

தூரத்தில் ரயில் ஊதிவிட்டுப் போனது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அண்ணன் வந்தார். சுரங்கத்தில் எலெக்ட்ரீசியன், ஷிப்ட் முடிந்து அப்போதுதான் குளித்திருந்தார். மனைவிதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"இன்னாப்பா, கல்யாண ஊட்டு சீரியல் லைட்டாட்டம் கீது?" என்றார். ஹாரனை அழுத்தினார். விளக்கு இன்னும் சுருங்கியது. "ஹாரன் அட்ச்சா லைட்டு பூடுது. இத நீ பாக்கவே இல்லியா?"

"நான் பத்து வாட்டி சொன்னேண்ணா," என்றாள் மனைவி. "பேட்டரி வீக்குன்னாரு. அத மாத்தனா கண்ணாடி அழுக்குன்னாரு."

அண்ணன் நீளமாக ஒரு ஒயர் கொண்டுவந்தார். ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்து, மறுமுனையை விளக்குக்குப் பின்னால் இருந்த கறுப்பு ஒயரில் தொட்டார். எதிர்வீட்டுச் சுவர் பளிச்சென்றது. அதன் கீழே படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறியது.

"கரண்டு போறதுக்கு வழி கீது, திரும்பி வர்றதுக்குத்தான் இல்ல. எர்த்து போச்சு." கறுப்பு ஒயர் பாடியில் சேர்கிற போல்ட்டைக் கழற்றினார். அடியில், வழவழவென்று, என் மஞ்சள். ஒயரின் வளையத்துக்கும் அடித்திருந்தேன்.

"எந்த மடையன்பா இதுக்குள்ள பூந்து பெயின்ட் அட்ச்சான்? பெயின்ட்டு வழியா கரண்டு போவுமா?"

நான் வானத்தைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

உப்புத்தாளால் அவர் இரும்பு தெரியச் சுரண்டினார். இரண்டு பக்கமும், நாணயம் அளவுக்கு. எனக்குப் பல் கூசியது. "துரு புடிக்குமே அண்ணா," என்றேன். அவர் போல்ட்டை இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் காலை ரோடு முழுக்கத் தெரிந்தது. புளியமரம், குழி, குழிக்குள் தண்ணீர் எல்லாம். இருபது நிமிடம் முன்னாலேயே ஸ்டேஷன் வந்துவிட்டோம். மனைவி இறங்கி, கார் டிக்கியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே சின்ன டப்பாவில் மீதி மஞ்சளும் அரை இஞ்ச் பிரஷ்ஷும் இருந்தன. ஃபாக்டரி போகுமுன் சுரண்டிய இடத்தில் மட்டும் லேசாக ஒரு கோட் வைக்கலாம் என்றிருந்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லை.

டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"துரு புடிச்சா புடிக்கட்டும்," என்றாள். "எனக்கு வேல வேணும்."