கணக்கப்பிள்ளைக்குப் பிறகுதான் துரை

முதல் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கிவிட்டுப் பரிமளம் பிளேன்டீ ஊற்றப் போய்விடுவார். கோப்பை காலியாகும்வரை இரண்டாவதைத் தொடமாட்டார், யாரையும் தொடவிடவும் மாட்டார். கஹவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் அந்த இரண்டு சேர்வர்களும் அவர் பொறுப்பு. அவசரப்படுத்துகிறவர்களுக்கு ஒரே பதில்தான்: “கணக்கப்புள்ள வராம தொர காலையில ஆளெடுக்குற பெரட்டுக்கு வந்தா யாரு பேரக் கூப்புடுவாரு? கோவிச்சிக்கிட்டு பங்களாவுக்குப் போயிருவாருங்க.”

கணக்கப்பிள்ளை என்பது தகவலையெல்லாம் வைத்திருக்கும் டேட்டாபேஸ். அது ஆடி அசைந்துதான் எழும்பும். துரை, அந்தத் தகவலை வாங்கி வேலை நடத்தும் அப்ளிகேஷன் சேர்வர். எழும்பியதும் கணக்கப்பிள்ளையைத் தேடும். காணாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். நிஜத் துரையான மேனேஜர் இந்தப் பேச்சைக் கேட்டு ஒருநாளும் சிரித்ததில்லை.

2008 சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து, வேலை தொடங்கும் ‘நெகத்’ என்ற சுபநேரத்துக்கு மேனேஜரே சேர்வர்கள் இருந்த கண்ணாடி அறைக்கு வந்தார். குறித்த திசையைப் பார்த்து நின்று, நேரம் தவறக்கூடாதென்று இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அமுக்கினார். பரிமளத்தின் வாய் நிறையப் பாற்சோறு. தடுக்க முடியவில்லை.

நினைத்தபடியே துரை கோபித்துக்கொண்டது. வெளியே கொழும்பு ஏலத்துக்குத் தேயிலை ஏற்றிய லொறி நின்றது. கம்ப்யூட்டரில் அனுப்புச்சீட்டு அச்சாகாமல் அது நகர முடியாது. அன்றே போய்ச் சேராவிட்டால் ஏலம் தவறிவிடும். டிரைவர் நிலாம் ஹோர்னை விட்டபாடில்லை.

“அணைச்சிட்டுத் திரும்பப் போடணும் சார்.”

“எபா, எபா, வேணாம். நெகத்துக்குப் போட்டது. அணைச்சா வருஷமே கெட்டுப் போகும். கொழும்புல இருந்து ஆளக் கூப்புடுறேன்.”

கொழும்பு ஆள் என்றதும் பரிமளத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் அப்படி ஒருவரை அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைக்க விட்டதில்லை. திரையில் வந்த பிழைச் செய்திகளை மீண்டும் மேலிருந்து வாசித்தார். டேட்டாபேஸ் இதற்குள் எழும்பி, சும்மா உட்கார்ந்திருந்தது.

“கணக்கப்புள்ள நெகத்துக்கே எந்திரிச்சிட்டாரு சார். மெஷின் ஒன்னையும் அணைக்கல. தொரைய மட்டும் பங்களாவுல இருந்து திரும்பக் கூப்புடுறேன்.”

அப்ளிகேஷனை மட்டும் நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார். மேனேஜர் இரண்டு பெட்டிகளின் விளக்குகளையும் கண்கொட்டாமல் காவல் காத்தார். ஒன்றும் அணையவில்லை. பிரின்டர் கரகரத்தது, லொறி கிளம்பியது.

அடுத்த புத்தாண்டிலும் மேனேஜர் சுபநேரத்துக்குத் தவறாமல் வந்தார். முதல் பொத்தானை அமுக்கினார். இரண்டாவதை நோக்கி நீண்ட விரலைப் பாதியில் மடக்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரிமளத்தின் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.