கிதாருக்கு வாய் கேட்ட அப்பா

பழைய ஆம்ப்ளிஃபயர் சூடேறும் வாசனை இன்று ரிப்பேர் கடையில் வந்ததும், எங்கள் தீவின் ஜங்லிகாட் பகுதியில், சின்ன வயதில் மாதா திருவிழா மேடைமுன் நாலாவது வரிசையில் கூசிப்போய் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்து, இந்த வயதிலும் காது எரிகிறது.

கப்பல் சிப்பந்தி ஒருவர் கொடுத்த இசைத்தட்டிலிருந்து, சொல்லே இல்லாமல் கிதார் மட்டும் துள்ளும் ராக் மெட்டு ஒன்றை அண்ணன் ஏழு மாதம் பழகியிருந்தான். அதை அவன் வாசிக்கத் தொடங்கியதும், "அரே பாய், கானா கஹாங் ஹை?" என்று யாரோ இந்தியில் பாட்டைக் கேட்டுக் கத்த, கூட்டம் சிரித்தது. மீன்பிடிக்கிற எங்கள் அப்பா, மகன் பயத்தில் பாட்டை மறந்துவிட்டான் என்று நினைத்து, மடித்துக் கட்டிய சாரத்தோடு மேடையேறி மைக்கை அவன் வாயருகே பிடித்தார்.

"பாடுல, பயப்படாத! அப்பா நிக்கேம்லா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன் அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கிதாரை நிறுத்தாமல், அதே மெட்டில் "லல்லல்லா" என்று பாடினான்.

அப்பா கூட்டத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"இங்கிலீஷ் பாட்டு!"