போகிப் புகையில் சுவிட்சர்லாந்து

காலை ஐந்தே முக்கால். முதலில் கண்ணில் பட்டது மாமாவின் சிவப்பு ஜெர்கின். தெரு முழுக்க வெள்ளையாக இருந்தது. அதற்குள் அந்தச் சிவப்பு மட்டும் எங்கள் கேட்டருகே தனியாக நின்றது. கீழே லுங்கி இல்லை, ஜீன்ஸ். மாமா ஜீன்ஸ் போட்டுப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

அன்று போகி. பல்லாவரத்திலிருந்து குரோம்பேட்டை வரை தெருத்தெருவாகப் பழைய பாயும் துடைப்பமும் டயரும் எரிந்துகொண்டிருந்தன. பனியும் புகையும் சேர்ந்து எதிர்வீட்டை மறைத்துவிட்டன. பக்கத்து விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கவில்லை. எங்கள் காலனியின் வானம் சத்தமே இல்லாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான்" என்றார் மாமா. கையில் மாடிவீட்டுக் கல்லூரி அண்ணனிடம் இரவல் வாங்கிய கியர் சைக்கிள்.

மாமா, அம்மாவின் தம்பி. ஐப்பசியில் சுவிட்சர்லாந்துக்குப் புறப்பட்டார். ஓட்டல் சமையலறையில் வேலை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். சொந்த ஊரான படப்பையில், பஸ் நிறுத்தத்தில் நண்பர்கள் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அதில் மாமா கூலிங்கிளாஸ் அணிந்து ஒரு பனிமலையின் மேல் நின்றார். நிஜத்தில் மும்பை வரை போனார். அங்கே ஏஜென்ட்டின் போன் ஸ்விட்ச் ஆஃப். திரும்பி வந்தவர் தாம்பரத்தில் நின்று படப்பை பஸ் ஒன்றை விட்டார், அடுத்ததையும் விட்டார், பிறகு மின்சார ரயில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டியில் வைத்த சந்தனப் பொட்டுகூட அழிந்திருக்கவில்லை. அதன்பின் அவர் பகலில் வெளியே தலைகாட்டவில்லை. படப்பையில் இருந்த தாத்தாவைப் பொறுத்தவரை மகன் சுவிட்சர்லாந்தில் இருந்தார்.

தாத்தா லாரி ஓட்டி ஓய்ந்தவர். விடியுமுன் போய் இருட்டியபின் வருவாராம். எங்கே போய்வந்தார் என்று பிள்ளைகள் கேட்டதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமா இங்கிருப்பதைத் தாத்தாவிடம் சொல்லக்கூடாது என்பது எனக்கு ஒரு விளையாட்டின் விதி போல இருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே, "இன்னா மச்சான், உங்க ஊர்ல இப்ப மணி என்ன?" என்பார். மாமா சிரிக்க முயல்வார். அம்மா அப்பாவை முறைப்பாள்.

அந்தப் போகி வாரத்தில் தாத்தா போன் செய்தார். "போட்டோ ஒண்ணு அனுப்ப மாட்டானா அவன்? மூஞ்சிய பாத்து எவ்ளோ நாளாவுது." மாட்டுப் பொங்கலன்று நாங்கள் படப்பை போவதாக இருந்தோம். "படம் இருந்தா தர்றேன். இல்லன்னா நிஜத்தச் சொல்லிடுவேன்டா. என்னால முடியாது" என்று அம்மா தம்பியிடம் சொல்லிவிட்டாள். மாமா அன்று சாப்பிடவில்லை.

காலனி முடியும் இடத்தில் மூடிப்போன கல்குவாரி ஒன்று இருந்தது. லாரிகள் இறங்கிய சரிவு பாறையைச் சுற்றிச் சுற்றி அடிவரை போகும்; அதில் மிஞ்சிப்போன ஜல்லி பரவிக் கிடக்கும். அடியில் பச்சைத் தண்ணீர். மற்ற நாட்களில் மேலே பனைமரங்களும் செல்போன் டவரும், பாறை உச்சியில் காதலர்களின் பெயர்களும் தெரியும். அன்று எதுவும் இல்லை. வெடி வைப்பதற்காகத் துளையிட்ட கோடுகளோடு பாறைச்சுவர் வெள்ளைக்குள் ஏறிப்போய் எங்கோ கரைந்தது.

மாமா அம்மாவின் போனை என்னிடம் கொடுத்தார்.

"பனைமரம் தெரியுதா?"

"இல்ல மாமா."

"டவரு?"

"அதுவும் இல்ல."

"சிரிக்கட்டுமா?"

"வேணாம். குளிர்ற மாதிரி இருங்க."

டயர் நெடியில் எனக்கு இருமல் வந்தது. "போட்டோவுல நாத்தம் தெரியாதுடி குட்டி" என்றார். சரிவில் அவர் இறங்கி வர வர நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். சக்கரத்தின் கீழ் ஜல்லி நொறுங்கும் ஓசை முதலில் வரும், பிறகு சிவப்பாக ஒரு புள்ளி, பிறகு மாமா.

படம் போதும் என்றான பிறகும் நாங்கள் வீடு திரும்பவில்லை. என்னை முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே விட்டார். ஒரு வண்டி இல்லை, ஓர் ஆள் இல்லை. நாங்கள் நின்றிருக்க, பாறை எங்களை நோக்கி வந்து விலகிப்போவது போலிருந்தது. கடைசி வளைவில் அவர் பிரேக் பிடிக்க, ஜல்லியில் பின்சக்கரம் வாரிவிட, தண்ணீருக்கு ஒரு முழம் தள்ளி நின்றோம். கரையிலிருந்து கொக்குகள் எழுந்து சத்தமில்லாமல் வெள்ளைக்குள் போயின. மாமா சிரித்தார். மும்பையிலிருந்து வந்தபின் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "இன்னொரு ரவுண்டு?" என்றார். போனோம். மறுபடியும் போனோம். வெயில் ஏறியபோது முதலில் டவர் தெரிந்தது, பிறகு பனைமரங்கள், பிறகு ஓர் எருமை. மாமா ஜெர்கினைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டார்.

ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வாங்கி வந்த அம்மா, படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "காலைப் பாருடா. பனியில எவன்டா ஹவாய் செருப்பு போட்டுக்கிட்டுப் போவான்?" பெடலுக்கு மேலே கத்தரியால் நறுக்கினாள். மாமா பாதமில்லாமல் சுவிட்சர்லாந்தில் சைக்கிள் ஓட்டினார்.

படப்பையில் தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். நேரமாயிற்று. அவர் கட்டைவிரல் மாமாவின் முகத்தில் இல்லை. பின்னால் பாறைக் கோடுகளின் மேல் இருந்தது. அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அங்க ரொம்ப குளுராம்மா?"

"ஆமாப்பா. ரொம்ப."

"வேளைக்கு சாப்புடறானா?"

"சாப்பிடறான்பா."

"அது போதும்."

சாயங்காலம் தாத்தா எங்களை பஸ் ஏற்றிவிட வந்தார். அப்பாவும் அம்மாவும் முன்னால் நடக்க, என் கையைப் பிடித்தபடி மெதுவாக வந்தவர் குனிந்து சொன்னார்: "கடைசி வளைவுல ஜல்லி வாரும். அங்க வந்து பிரேக்கு புடிக்கக் கூடாதுன்னு உங்க மாமன்கிட்ட சொல்லு. தண்ணிகிட்ட போவாதீங்க, ஆழம் கீது."

"சரி தாத்தா" என்றேன். எனக்கு அதில் வியப்பு ஒன்றும் தோன்றவில்லை. சைக்கிள், தண்ணீர் என்றால் பெரியவர்கள் எப்போதும் ஏதாவது சொல்வார்கள்.

வீட்டில் மாமா கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். "நம்பினாராக்கா?"

"சட்டம் போட்டு மாட்டப்போறாராம்" என்றாள் அம்மா. மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அப்பாவின் தோளில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். மாமாவிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. சைக்கிள் விஷயம்தானே, காலையில் சொல்லலாம் என்று விட்டேன். காலையில் மறந்துபோயிற்று.

தாத்தா படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வைகாசியில் மாமா பெட்டியோடு படப்பைக்குப் போய் இறங்கும்வரை, வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, "என் புள்ள. சுவிஸ்ல கீறான்" என்று காட்டினார். அந்தக் குவாரி மூடப்படும்வரை அங்கிருந்து ஜல்லி லாரி ஓட்டியவர் அவர்.