ஞானாம்பிகை எறியாத இரண்டு கோட்டுகள்

பத்தொன்பது வருடம் ஞானாம்பிகை அடுத்தவர் கோட்டுகளை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள். சென்ட் கத்தரீன் தெருவில் ‘ஷே றெனோல்ட்’ என்றொரு மதுச்சாலை. ஆண்களை விரும்பும் ஆண்கள் வந்து ஆடிப்பாடும் இடம். வாசலில் கோட்டை வாங்கி, இலக்கம் அடித்த தகரத் தகடு ஒன்றைக் கொடுப்பாள். தகடு திரும்பி வந்தால் கோட்டு திரும்பிப் போகும். சனத்துக்கு “உடுப்புக்கடையில நிக்கிறன்” என்று சொல்லிவைத்திருந்தாள். அது பொய்யென்று யார் சொல்வது?

வெள்ளிக்கிழமைகளில், நகரின் மேற்குத் தீவுப் பக்கத்தில் ஒரு முருகன் கோயில் மடைப்பள்ளியில் சர்க்கரைப் புக்கை பொங்குவது அவள் பொறுப்பு. புருஷன் போனபிறகு அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த அடுப்படி ஒன்றுதான்.

அந்தக் கோயிலின் தலைவர் நகுலேஸ்வரனும் செயலாளர் சிவநேசமும் வருடக்கணக்காக முகம் பார்ப்பதில்லை. கார் நிறுத்துமிடத்துப் பனியை யார் அள்ளுவது என்பதில் மூண்ட பகை என்று சனம் நம்பியது. இரண்டு கட்சி, இரண்டு வாட்ஸ்அப் குழு, கேட்க வேண்டுமா!

உண்மை ஞானாம்பிகைக்குத் தெரியும். ஒரு தை மாத ஞாயிறு பின்னேரம், மைனஸ் இருபத்தைந்துக் குளிர். நகுலேஸ்வரன் மதுச்சாலைக்குள்ளே ஆடிக்கொண்டிருந்தார். பாவம், நன்றாகத்தான் ஆடினார். சிவநேசம் கோட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதுதான் தாமதம், ஒருவர் முன்கதவால் பாய்ந்தார், மற்றவர் பின்கதவால் பாய்ந்தார். கோட்டு இல்லை, வெறும் சேர்ட்டோடு. காது கழன்று விழாதது முருகன் புண்ணியம். அதன்பின் இருவரும் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பிறகு கொரோனா வந்தது. முதலாளி றெனோல்ட் கடையை மூடினான், மூடியது மூடியதுதான். கிடக்கிற கோட்டுகளை எறியச் சொன்னான். அவள் அந்த இரண்டை மட்டும் வீட்டு அலுமாரிக்குக் கொண்டுபோனாள். தகடு வராமல் கொடுக்கவும் மாட்டாள், எறியவும் மாட்டாள். அப்படியொரு பிடிவாதம்.

இந்த மாசியில் வந்தது வில்லங்கம். அந்த மதுச்சாலையின் கதையைச் சொல்ல ஒரு கண்காட்சி வைத்தார்கள். மெத்ரோ ரயில் நிலையச் சுவரில் விளம்பரம். அதில் கோட்டுகளுக்கு நடுவே ஞானாம்பிகை, பொட்டும் சிரிப்புமாக, ஆளுயரத்துக்கு நின்றாள்.

நகுலேஸ்வரன் போன் எடுத்தார். “அக்கா, ‘அந்தப் படத்தில நிக்கிறது நானில்லை’ எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ. இல்லாட்டி இனி மடைப்பள்ளிப் பக்கம் வரவேண்டாம்.”

அன்று முழுக்க அழுதாள். பிறகு ஆத்திரம் வந்தது.

ஞாயிறு நிர்வாகசபைக் கூட்டத்துக்குப் பெரிய பையோடு போனாள். மேசைக்கு நேரெதிரே இருந்த கொக்கிகளில் நீலக் கோட்டொன்றையும் மண்ணிறக் கோட்டொன்றையும் மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நகுலேஸ்வரன் ஒழுக்கத்தில் தொடங்கிப் பண்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார். கண் நீலக் கோட்டில் பட்டது. தண்ணீர் குடித்தார். சிவநேசம் மண்ணிறக் கோட்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

“என்ரை முகத்தை நானே இல்லையெண்டு எழுதிறதோ, தம்பி?” என்றாள் ஞானாம்பிகை.

விஷயத்தை இத்தோடு விடலாம் என்றார் தலைவர். செயலாளர் கையை உயர்த்தி வழிமொழிந்தார். இத்தனை வருடத்தில் இருவரும் ஒரு பக்கம் நின்றது அதுவே முதல்தடவை. முருகன் மனம் வைத்துவிட்டான் என்று மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அவள் கோட்டுகளைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வெள்ளி, நகுலேஸ்வரன் தனியாக மடைப்பள்ளிக்கு வந்து ஒரு தகரத் தகட்டை நீட்டினார். இலக்கம் முப்பத்தொன்று. இத்தனை காலமும் பர்ஸில், முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறார் மனுஷன். ஞானாம்பிகை தகட்டை வாங்கிக்கொண்டு, அன்றைக்கும் கூடக் கொண்டுவந்திருந்த பையைத் திறந்தாள். கோட்டைக் கொடுத்தாள். அவர் போகவில்லை.

“மற்றது... அவர் வந்து எடுத்தவரோ?”

“தகடு வந்தால் குடுப்பன்.”

அதற்கடுத்த வெள்ளி சிவநேசம் முப்பத்தாறோடு வந்தார். கோட்டை வாங்கிக்கொண்டு அதே கேள்வியைத்தான் கேட்டார்.

தகடுகளைக் கண்காட்சிக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்துப் பக்கமாக வைத்திருக்கிறார்கள். கொடுத்தவர் என்று தன் பெயரை மட்டும் முழுசாக எழுதச் சொன்னாள் ஞானாம்பிகை. கோயிலில் இன்றைக்கும் இரண்டு கட்சிதான், பனியை யார் அள்ளுவது என்று இன்னும் முடிவாகவில்லை.