ஒன்பதாம் எண் சொன்ன குறை

அந்தப் போட்டியில் என் பெயர் ஒன்பது. பாட்டெழுதும் ஆசையை விடமுடியாதவர்களுக்காக ஓர் இணையதளத்தில் யாரோ புண்ணியவான்கள் நடத்திய போட்டி. எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு தலைப்பு. எழுதி, பாடி, பதிவு செய்து ஏற்ற வேண்டும். நமக்குக் குரல் இல்லையென்றால் வேறு யாரையாவது பாடவைத்துக்கொள்ளலாம். முகதாட்சண்யம் பார்க்காமல் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக எல்லாருக்கும் எண் மட்டும்தான். முடிவு வரும் அன்றைக்குத்தான் பெயர்களைத் திறப்பார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. நம் பாட்டு ஏற வேண்டுமானால் மற்றவர்கள் பாட்டில் மூன்றுக்காவது கருத்து எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு கருத்திலும் இரண்டு பாராட்டு, ஒரு குறை. மருந்துச் சீட்டு மாதிரி. பாராட்டு எல்லாருக்கும் சுலபமாக வந்தது. குறைக்குத்தான் திண்டாடினார்கள். இருபத்திரண்டாம் எண் எல்லாருக்கும் ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: 'இரண்டாவது சரணம் கொஞ்சம் நீளம்.' இரண்டாவது சரணமே எழுதாத ஒருவருக்கும் அதையே சொன்னார். அந்த மனிதரும் 'சுருக்குகிறேன் தோழர்' என்று பதில் போட்டார்.

என் முதல் பாட்டு மழையைப் பற்றியது. அதற்கு நான்காம் எண் எழுதிய குறை இது: 'மழை பெய்கிறது, யாரும் நனையவில்லை.' 'மிக்க நன்றி, கவனத்தில் கொள்கிறேன்' என்று பதில் எழுதிவிட்டு இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜவ்வாது மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் எழுத்தராக இருக்கிறேன். அந்த இரண்டு நாளும் விடுதிச் சாம்பாரில் நான் கண்டுபிடித்த குறைகளைச் சமையல்கார அம்மா இன்னும் மன்னிக்கவில்லை. அதற்கப்புறம் நானும் கறாரான விமர்சகன் ஆகிவிட்டேன். யார் பாட்டைக் கேட்டாலும் ஒரே கேள்விதான்: இது நம்பும்படி இருக்கிறதா?

எங்கள் பக்கத்தில் ஒழுங்காக சிக்னல் கிடைப்பது பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில்தான். அதனால் பள்ளி விட்டதும் போனோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு முன்பே ஒருவர் போனோடு உட்கார்ந்திருப்பார். கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், இந்த மலைக்காரர். மனைவி இறந்துவிட்டார், மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள் என்பது வரைக்கும் தெரியும். அதற்குமேல் நான் கேட்டதில்லை. நான் கலசப்பாக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனம் என்றும் சொல்லலாம்.

"இன்னா சார், டூட்டி முடிஞ்சும் போனா?" என்பார்.

"பசங்க அட்டெண்டன்ஸ் ஏத்தணும்ங்க. நீங்க?"

"மாட்டுக்கு ஊசி போட்ட விவரம் ஏத்தறேன்."

நான் சொன்னது பொய். அவர் சொன்னதும் பொய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நான் ஒன்பதாம் எண். அவர் பதினேழாம் எண்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அஞ்சு மணி தாண்டியதும் இரண்டு டீ சொல்வார். ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்றைப் பக்கத்தில் வைத்திருப்பார். அஞ்சரைக்குப் போளூர் பஸ் வந்து நிற்கும். ஆட்கள் எல்லாரும் இறங்கிப் போன பிறகு அந்த கிளாஸை என் பக்கம் நகர்த்துவார். "ஆறிப்போச்சு சார், குடிங்க" என்பார். மலைக் குளிரில் பத்து நிமிஷத்துக்குள் டீ பச்சைத்தண்ணியாகிவிடும். இரண்டு வருஷமாக அந்த ஆறின டீயைக் குடித்தேன். எனக்கென்று வாங்குகிறவர் அதைச் சூடாகவே கொடுத்தால் என்ன என்று மனசுக்குள் அலுத்துக்கொண்டும் குடித்தேன்.

ஐந்தாம் வாரத் தலைப்பு 'காத்திருத்தல்'. பதினேழாம் எண்ணின் பாட்டை ஒரு பெண் பாடியிருந்தாள். சின்னக் குரல், அலட்டல் இல்லை. அதில் இப்படி நான்கு வரி வந்தது:

அஞ்சரை வண்டி மேல வரும்
ஆளெல்லாம் எறங்கி வரும்
ஒனக்குச் சொன்ன டீத்தண்ணி
ஓரத்துல ஆறி வரும்

இதைப் படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் அப்போது குறை தேடிக்கொண்டிருந்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையில் ஆறின டீயைப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் எழுதினேன்:

'மெட்டு அருமை. குரல் இனிமை. ஆனால் வராத ஆளுக்கு ஒருவர் தினமும் டீ சொல்கிறார் என்பது நம்பும்படி இல்லை. கடைக்காரர் கேட்கமாட்டாரா? அந்த டீயை யார் குடிக்கிறார்கள்? வாழ்க்கையில் பார்க்காததை எழுத வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.'

அனுப்பிவிட்டு மிச்ச டீயையும் குடித்தேன். இரண்டடி தள்ளி அவர் தன் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் கருத்துக்கு ஏகப்பட்ட கைதட்டல் விழுந்தது. 'யார் குடிக்கிறார்கள் என்ற கேள்வி சூப்பர்' என்று இருபத்திரண்டாம் எண் எழுதினார். பதினேழாம் எண் ஒரு வரி எழுதியிருந்தார்: 'நன்றிங்க. யோசிச்சுப் பாக்கறேன்.' அன்றைக்கு இரவு எனக்கு நல்ல தூக்கம்.

கடைசி வாரம் புதுத் தலைப்பு கிடையாது. பழைய பாட்டு ஒன்றை, வந்த கருத்துகளை வைத்துத் திருத்தி ஏற்ற வேண்டும். நான் என் மழைப்பாட்டில் நான்கு பேரை நனைய வைத்தேன். பதினேழாம் எண் டீயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிலாவைப் போட்டிருந்தார். மலைமேல் நிலா காத்திருக்கிறது, மேகம் வந்து மறைக்கிறது, அவ்வளவுதான். எல்லாரும் ஆகா என்றார்கள். நானும் எழுதினேன்: 'இப்போதுதான் பாட்டுக்கு உயிர் வந்திருக்கிறது.'

மறுநாள் கடையில் அவர் ஒரு டீ மட்டும் சொன்னார்.

"ஒன்னா?" என்றார் டீ மாஸ்டர்.

"ஒன்னு போதும்ப்பா."

நான் போனைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். பஸ் வந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. ஆட்கள் இறங்கி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டார். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. ஒரு டீக்கு இவ்வளவா என்று நானே ஒன்று வாங்கிக் குடித்தேன். சூடு பழகாத நாக்கு வெந்துபோனது.

நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் அவர் ஒரு மாட்டைப் பார்க்க ஏதோ ஊருக்குப் போயிருந்தார். மாஸ்டரிடம் கேட்டேன்.

"அவருக்கு எம்மேல எதனா கோவமா? முன்னெல்லாம் எனக்கு டீ சொல்வாரு."

மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்தினார். "ஒங்களுக்கு எங்க சார் சொன்னாரு? அது அவரு சம்சாரத்துக்கு. போளூர்ல ஜவுளிக்கடையில வேலைக்குப் போய்ட்டு அஞ்சரை வண்டியிலதான் வருவாங்க. எறங்கி ஒரு டீ குடிச்சிட்டுத்தான் ரெண்டு பேரும் வூட்டுக்கு நடப்பாங்க. அவங்க போனப்புறமும் இவரு சொல்லிக்கினுதான் இருந்தாரு. நானும் ஒன்னும் கேக்காம போட்டுக்கினு இருந்தேன். கீழ ஊத்த மனசு வராம ஒங்களாண்ட குடுப்பாரு. இப்ப இன்னாவோ திடீர்னு நிறுத்திட்டாரு. ஒரு விதத்துல நல்லதுதான்."

நல்லதாக எனக்குப் படவில்லை. அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து நான் எழுதியதைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். கடைக்காரர் கேட்கமாட்டாரா என்று கேட்டிருந்தேன். வாழ்க்கையில் பார்க்காததை எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். இரண்டு வருஷம் தினமும் பார்த்தவன் நான்தான். பாட்டில் ஒரு வரி போனால் போகிறது. அந்த மனுஷருடைய சாயங்காலத்தையே திருத்தி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

முடிவு வர இரண்டு நாள் இருந்தது. அதற்குள் சரிசெய்துவிடலாம் என்று ஒன்பதாம் எண்ணாகவே எழுதினேன்: 'பதினேழாம் எண்ணுக்கு. நான் சொன்னது தப்பு. டீ வரியே சரி. தயவுசெய்து அதையே வைத்துக்கொள்ளுங்கள்.' பாராட்டு ஒன்றுகூட இல்லாத கருத்து, விதிமீறல் என்று நடத்துகிறவர்கள் எச்சரித்தார்கள். பதினேழாம் எண்ணின் பதில் மறுநாள் காலையில் வந்தது.

'நீங்க மொதல்ல சொன்னதுதாங்க சரி. யோசிச்சுப் பாத்தேன். நம்புற மாதிரி இல்லதான். ரொம்ப நாளா யாரும் சொல்லல. நீங்க சொன்னதுக்கு நன்றி.'

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

பெயர்களைத் திறந்தார்கள். பதினேழாம் எண் மூன்றாம் இடம். நடுவர்கள் நிலாவைப் பாராட்டியிருந்தார்கள். என் பெயர் ஊக்கப் பரிசுப் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலில் ஏறக்குறைய எல்லாருமே இருந்தோம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பெயரும் ஊரும். நான் அவர் பெயரைப் பார்த்த நேரத்தில் அவரும் என் பெயரைப் பார்த்திருப்பார்.

அன்றைக்குக் கடைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அஞ்சு மணிக்கு முன்பே போய்விட்டேன். அவர் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்ததும், அவர் வாய் திறப்பதற்குள் நான் மாஸ்டரிடம் மூன்று டீ சொன்னேன். மாஸ்டர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். கேள்வி கேட்காமல் போட்டார். ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாவதை அவர் பக்கத்தில், எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தேன். என்னால் கேட்க முடிந்த மன்னிப்பு அதுதான்.

அவர் அந்த கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. தள்ளிவிடப் போகிறார் என்று நினைத்தேன். தள்ளவில்லை.

பஸ் வந்து நின்றது. அவர் தலையைத் தூக்கினார். முதலில் மூட்டையோடு ஒருவர் இறங்கினார், பிறகு காலேஜ் பெண்கள், பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மா. கடைசியாக கண்டக்டர் இறங்கினார். பெஞ்சில் இருந்தபடியே அவர் ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தார். பிறகு கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

"யாரு குடிக்கிறாங்கன்னு கேட்டீங்களே சார்," என்றார். "குடிங்க."

குடித்தேன். நன்றாக ஆறியிருந்தது.