பாடத்தில் இல்லாத சனம்

ரீச்சர் அன்று எழுதிய கரும்பலகை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ரஷ்யா வென்றதற்கான காரணங்கள்: தலைவரின் உறுதி, கிழக்கே நகர்த்திய தொழிற்சாலைகள், பிரித்தானியாவோடும் அமெரிக்காவோடும் சேர்ந்த கூட்டு. எங்கள் மண்ணில் போர் ஓய்ந்து சில வருடங்களே ஆன காலம் அது. விசுவமடுவில் தகரக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் வரலாறு, இந்தப் பக்கம் நான் கணிதம். ஒரு வகுப்பின் சத்தம் மற்ற வகுப்புக்கும் சொந்தம்.

வொல்கா ஆற்றங்கரை நகரத்தை எதிரி நெருங்கியபோதும் சனத்தை வெளியேற்ற அந்தச் சர்வாதிகாரிக்கு மனம் வரவில்லை என்றும், ஆளில்லாத ஊருக்காகப் படை உயிரைக் கொடுக்காது என்பது அவர் கணக்கு என்றும் ரீச்சர் விளக்கினார். பிறகு கேட்டார்: "தலைவர் மாளிகையில. படை முன்னுக்கு. கூட்டாளியளின்ர கப்பல் கடலில. அப்ப சனம் எங்க?"

"பங்கருக்குள்ள, ரீச்சர்" என்றது முழு வகுப்பும், யோசிக்காமலே. என் வகுப்பிலிருந்தும் நாலைந்து குரல்கள் சேர்ந்தன. ஷெல்லடியில் பதுங்குகுழிக்குள் கிடந்து வளர்ந்த பிள்ளைகள்; புத்தகத்தில் அப்படியொரு வரி கிடையாது. ரீச்சர் திருத்தவில்லை. காரணங்களின் கீழே "சனத்தின் சாவு" என்று பெரிதாக எழுதிக் கோடும் போட்டார்.

மேற்பார்வைக்கு வந்து பின்வரிசை வாங்கில் இருந்த அதிகாரி எழுந்தார். "ரஷ்யாவைச் சாட்டி இஞ்சத்தைய கதையை ஏன் கிளறுறியள்? பிள்ளையள் சொன்னது பிழையெண்டு சொல்லி அதை அழியுங்கோ. நானும் மறந்திடுறன். இல்லாட்டி உங்களைத் தூரத்துக் கொக்கிளாய்க்கு மாத்தத்தான் வேணும்."

கடைசிச் சண்டையில் காணாமல் போன ரீச்சரின் ஒரே மகன் திரும்பினால் விசுவமடு வீட்டைத்தான் தேடி வருவான். அதற்காகவே, வவுனியாவிலிருந்து தங்கை கூப்பிட்டும் போகாதவர் ரீச்சர். அழித்துவிடுங்கள் என்று தட்டிக்கு இப்பால் நின்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"பிள்ளையள் பிழை சொல்லேல்லை, சேர். அங்கையும் சனம் நிலத்துக்குள்ளதான் கிடந்தது. வெண்டவருக்கு நீங்கள் சுவரில படம் கொழுவுங்கோ. செத்ததுகளை நான் அழிக்க மாட்டன்."

அடுத்த தவணைக்கே மாற்றம் வந்தது. எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. வெற்றியை எழுதுகிறவர்களுக்கு எந்த நாட்டிலும் சனம் ஒரு தொந்தரவு.

போகும்போது ரீச்சர் வீட்டைப் பூட்டவில்லை. "அவன் வரேக்க கதவு பூட்டிக் கிடக்கக் கூடாது. இடைக்கிடை ஒருக்கா எட்டிப் பாருங்கோ, தம்பி" என்றார். இன்றும் சனி, ஞாயிறில்தான் அவர் வருகிறார். மற்ற நாட்களில் நான் போய்ப் பார்க்கிறேன். இப்போது என்னிடம் படிக்கிற பிள்ளைகள் பங்கரைக் கண்டதில்லை. வரலாற்றுத் தாளில் தலைவரின் உறுதியை அழகாக எழுதி முழுப் புள்ளியும் வாங்குகிறார்கள்.

போன மாதம் கதவில் புதுப் பூட்டொன்று தொங்கியது. வெறும் வீடென்று யாரோ நல்லெண்ணத்தில் போட்டிருக்க வேண்டும். உடனே ரீச்சருக்குத் தொலைபேசியில் சொன்னேன். யார் போட்டது என்றுகூட அவர் கேட்கவில்லை.

"உடையுங்கோ, தம்பி."

பக்கத்து வீட்டில் கோடரி வாங்கி வந்து உடைத்தேன். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் திரும்பினேன்.